மூன்றாம் தாளில் விழுந்த வரி

புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறும் தடத்தில், புளியமரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் அந்தப் பேரங்காடி இருந்தது. மலைவாழ் உறுப்பினர் பல்நோக்குக் கூட்டுறவுப் பேரங்காடிச் சங்கம் என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் கடைசி எழுத்துகள் சுவரைத் தாண்டிக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

சிங்காரத்துக்கு நேர்ந்தது புரிய வேண்டுமென்றால், அங்கே ஒரு ரசீது எப்படிப் பிறக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது அழகான ஏற்பாடு. ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் மூன்று தாள்கள். வெள்ளைத் தாள் மேலே, இளஞ்சிவப்பு நடுவே, மஞ்சள் கீழே. இடையில் இரண்டு கார்பன்கள். விற்பனையாளர் மேல்தாளில் பேனாவை அழுத்தி எழுதினால், கார்பனின் மை கீழே இருக்கும் இரண்டு தாள்களிலும் இறங்கும். சிக்கனம் கருதி ஒரே கார்பனை மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். மை காய்ந்துவிட்டால் டீ போடும் அடுப்பின் மேலே காட்டினால் போதும், மறுபடி இளகிக் கொடுக்கும். வெள்ளைத் தாள் பையில் கட்டப்பட்டுக் கீழே மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். சிவப்புத் தாளை வைத்துக் காசாளர் கூட்டல் போடுவார். எல்லாவற்றிலும் மங்கலான மஞ்சள் தாள், பொருள் வாங்கியவருக்கு.

அந்தத் தாளில் நான்கு குறிகள் விழும். விற்பனையாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துச் சரிபார்ப்பவர் சிவப்புக் குறி போடுவார். சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துக் காசாளர் நீலம் போடுவார். நீலத்தைப் பார்த்துக் கிடங்கில் பச்சை. பச்சையைப் பார்த்துச் செயலாளரின் ஊதா. உருப்படிகளை யாரும் படிப்பதில்லை. அப்படிப் படிப்பது எழுதியவரைச் சந்தேகிப்பதாகும் என்று சுற்றறிக்கையே இருந்தது. நான்கு நிறமும் சேர்ந்தால் ரசீது பிறந்தது.

சுவரில் எழுதியிருந்தார்கள்: 'உறுப்பினர்களே! ரசீதைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள். கடையை விட்டு வெளியேறிய பின் புகார் ஏற்கப்படாது.'

ரசீது கொடுக்கும் ஜன்னல் வெளிச்சுவரில் இருந்தது.

சிங்காரம் புளி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்குகிறவன். புளியின் விலையில் சாமானின் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சச் சில்லறையைத் தருவார்கள். அதனால் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். சுவரெழுத்தின் மேல் அவனுக்கு மரியாதை இருந்தது. அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான், அவன் மனைவி பாஞ்சாலை சொன்ன பொருளை எடுத்து ஒரு பக்கமாக வைப்பாள். அவர்கள் வீட்டில் அது ஒரு பூசை மாதிரி நடக்கும்.

அன்றும் அப்படித்தான்.

"உப்பு."

வைத்தாள்.

"மண்ணெண்ணெய். தீப்பெட்டி. சவுக்காரம், முப்பது காசு சேத்துப் போட்டுகீறான் பாரு. வெல்லம்."

அதற்குக் கீழே இன்னொரு வரி. மற்ற வரிகள் நேராக இருக்க, அது மட்டும் சற்றுச் சாய்ந்து, அவசரத்தில் ஓடிவந்தது போல இருந்தது.

"கோடித்துணி, ஒண்ணு. ஒம்பது ரூபா அம்பது காசு."

வாய் படித்து முடித்த பிறகுதான் மனசு படித்தது. பாஞ்சாலையின் கையில் வெல்லம் இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"யாருக்கு?" என்றாள்.

பிணத்தின் மேல் போர்த்தும் புதுத்துணியை அந்த மலையில் முன்கூட்டி வாங்க மாட்டார்கள். வாங்கிவிட்டால் கடைக்குத் திருப்பவும் மாட்டார்கள். ஆளில்லாமல் வாங்கிய கோடி ஆள் தேடும் என்பார்கள். பாஞ்சாலை நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் இரண்டு முறை பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டக் கயிறு திரித்து, கட்டாத கயிறு பரண் மேலேயே கிடந்தது.

"துணி இல்லியே மே. பேருதான கீது," என்றான் சிங்காரம்.

"பேரு வந்துட்ச்சில்ல? வழி தெரிஞ்சிகினு துணியும் வரும். துட்டு போனா போவட்டும். அந்த வரிய அடிச்சினு வா. அடிக்காம அந்தச் சீட்ட வூட்டுக்குள்ள வெக்காத."

ரசீது வெளியே பலாமரக் கவட்டையில், ஒரு கல்லுக்கடியில் போய்ப் படுத்தது. காற்றில்லாத நேரத்திலும் அதன் ஓரம் படபடத்துக்கொண்டிருந்ததாகச் சிங்காரத்துக்குத் தோன்றியது.

காலையில் அவன் ஜன்னலுக்குப் போனான். விற்பனையாளர் அமலநாதன் அடிவாரத்து ஊர்க்காரர், நல்ல மனிதர், சிரிக்காமல் பேச மாட்டார்.

"கடைய வுட்டு வெளிய போய்ட்டு வந்து சொல்றியே சிங்காரம்."

"சீட்டே வெளியதானுங்க குடுத்தீங்க."

"அதான். வெளிய குடுத்தா நீ வெளிய போய்ட்டன்னுதான அர்த்தம்?"

"நான் கோடித்துணி கேக்கவே இல்லீங்க சார்."

"கேட்டியா இல்லியான்னு பாக்கறதுக்கு இங்க குறி கெடையாது. தோ பாரு, செவப்பு இருக்குதா? நீலம்? பச்ச? ஐயாவோட ஊதா? அப்புறம் இன்னா?"

"குடுக்கவும் இல்லீங்களே."

"குடுக்காத பொருளுக்கு நான் சீட்டு போடுவனா? அது தப்பாச்சே!"

அப்போது பின்பக்கக் கிடங்கில் ஒரு சத்தம் கேட்டது. பூட்டைப் பிடித்து யாரோ இழுத்துப் பார்த்தார்கள். ஒன்று, அடுத்து இன்னொன்று, வரிசையாக. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அமலநாதனின் சிரிப்பு நின்றது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாருங்க சார் அது?"

"கருப்பன்."

கருப்பன் சங்கத்தின் காவலாளி. எந்த ஊரிலிருந்து வந்தவன் என்று யாருக்கும் தெரியாது. சொந்தமில்லை, பந்தமில்லை. கடை சாத்தியதும் ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்ப்பான். மனிதர்களோடு பேசியதைவிடப் பூட்டுகளோடு பேசியதுதான் அதிகம்.

"அவரு செத்துட்டாருன்னாங்களே."

"அதான் சொல்றேன்," என்றார் அமலநாதன், குரலைத் தாழ்த்தி.

சிங்காரம் சாமான் வாங்கிய அன்று காலையில்தான் கருப்பன் கிடங்கு வாசலில் இறந்து கிடந்தான். சங்கம் உடனே கூடியது. இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. துணி அலமாரியிலிருந்து சங்கச் செலவில் ஒரு கோடித்துணி வழங்கலாம் என்று முடிவானது. அதற்கான உத்தரவுச் சீட்டை அமலநாதன் எழுதினார். மேசையில் இடமில்லை. திறந்திருந்த ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்து எழுதினார். புத்தகத்தில் அப்போது பாதி எழுதியிருந்தது சிங்காரத்தின் ரசீது.

"கார்பனுக்குக் கண்ணு கெடையாது சிங்காரம். எவன் எழுதறான், எவனுக்கு எழுதறான்னு பாக்காது. அமுக்குனா எழுதிரும்," என்றார். ஒரு துண்டுத்தாளைப் புத்தகத்தின் மேல் வைத்துக் கிறுக்கி, தூக்கிக் காட்டவும் செய்தார். மேல்தாளில் வெறும் பள்ளம். கீழே சிவப்பிலும் மஞ்சளிலும் எழுத்து பளிச்சென்று இறங்கியிருந்தது. அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது. சிங்காரமும் தன் கவலையை மறந்து, இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்தான்.

"அப்ப வெள்ளத் தாள்ல என் கணக்குல அந்த வரி இருக்காதுங்களே?"

"இருக்காது. ஆனா அது பையில போய்ட்ச்சே. போனத வரவழைக்கணும்னா தப்பு நடந்திருக்குன்னு எழுதிக் குடுக்கணும். இங்கதான் தப்பு நடக்காதே."

"அப்ப கருப்பனுக்கு?"

அமலநாதன் கிடங்குப் பக்கம் பார்த்தார். உத்தரவு கையெழுத்துக்குப் போனபோது செயலாளர் சிவப்புத் தாளையும் பார்த்திருக்கிறார். அன்று ஏற்கெனவே ஒரு கோடித்துணி விற்பனையாகிவிட்டது. ஒரே நாளில் இரண்டாவது கோடித்துணிக்கு அவசியமில்லை, இரட்டைப் பதிவாக இருக்கலாம் என்று எழுதி உத்தரவை நிறுத்திவிட்டார்.

"சக்கர மூட்ட சாக்கு ரெண்டப் பிரிச்சிப் போத்திப் பொதச்சோம். சங்கத்து முத்திரை மேல் பக்கம் தெரியற மாதிரிதான் போத்தினோம். மரியாதயில கொற வெக்கல. நேத்து ராத்திரிலேர்ந்துதான் பூட்டு ஆடுது."

செயலாளர் கோபால்சாமியின் மேசையில் ஒரு வெள்ளிக் கேடயம் நின்றது. 'அடித்தல் திருத்தல் இல்லாத சங்கம்' என்று அதில் பொறித்திருந்தது. சிங்காரம் சொன்னதைச் செயலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கேடயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பிழை என்றால் என்ன சிங்காரம்? கணக்கில் எழுதினால்தான் அது பிழை. நம் கணக்கில் வரவு உண்டு, செலவு உண்டு, சேதாரம் உண்டு, எலி தின்றது என்றுகூட ஒரு தலைப்பு உண்டு. பிழை என்று தலைப்பு இல்லை. எழுத இடமில்லாத ஒன்று எப்படி நடக்கும்?"

"துட்டு வாணாங்க ஐயா. அந்த வரி மேல ஒரு கோடு போட்டா போதும்."

செயலாளரின் கை நின்றது.

"பணம் கேள், தருகிறேன். நல்லெண்ணம் என்று ஒரு தலைப்பு இருக்கிறது. கோடு மட்டும் கேட்காதே. ஒரு கோடு விழுந்தால் அது அடித்தல். அடித்த இடத்தில் வேறு எழுதினால் திருத்தல். இரண்டும் இல்லாமல் இந்தச் சங்கத்தை நான் வளர்த்திருக்கிறேன். உன் ஒருவனுக்காக இதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாயா?"

"எம் பொஞ்சாதி புள்ளத்தாச்சிங்க. ரொம்ப பயந்துகினு இருக்குது."

"பயப்பட என்ன இருக்கிறது? பொருளை எப்போது பயன்படுத்துவது என்பது உறுப்பினரின் விருப்பம். சங்கம் அதில் ஒருபோதும் தலையிடாது."

மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோதுதான் அடுத்த சங்கடம் வந்தது. துணி அலமாரியில் ஒரு கோடித்துணி அதிகமாக இருந்தது. இருப்புக் குறைந்தால் சங்கத்துக்குக் கவலையில்லை, யார் சம்பளத்திலாவது பிடிக்கலாம். அதிகமானால் யாரிடம் பிடிப்பது? விற்றதாகத் தாள் சொல்கிறது. துணியோ மடிப்புக் கலையாமல் அலமாரியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்க்கிறது. தாள் தப்பாக முடியாது. ஆகவே தப்பு துணியின் மேல்தான். அது இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

துணியை அதற்குரிய இடத்துக்கு அனுப்பச் சங்கம் ஜீப் எடுத்தது.

சிங்காரத்தின் வீட்டு முன் ஜீப் நின்றபோது பாஞ்சாலை சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். செயலாளர் இறங்கினார். பின்னால் அமலநாதன், பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கும் அதன் மேல் வெள்ளைத் துணியுமாக, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினார். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேட்பதற்குச் சிங்காரமும் பாஞ்சாலையும் அமலநாதனும் டிரைவரும் ஒரு நாயும்தான் இருந்தார்கள். ஆனாலும் அவர் குரல் கூட்டத்துக்கான குரலாகவே வந்தது.

"கேட்காமலே கொடுப்பவள் தாய் என்பார்கள். சங்கமும் அப்படித்தான். மற்ற ஊர்களில் தேவை வந்த பிறகு துணிக்கு ஓடுகிறார்கள். இங்கே தேவைக்கு முன்பே, வீட்டு வாசலில், ஜீப் வாடகைகூட வாங்காமல் கொடுக்கிறோம். இந்தக் குடும்பம் இனி எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. எந்த நேரமும் தயாராக இருக்கலாம்."

டிரைவர் கைதட்டினார்.

"இது மானிய விலைத் துணி. அதனால் பயன்பாட்டுச் சான்று வேண்டும். பயன்படுத்தியதும் பெயரை மட்டும் சொல்லியனுப்பு. நிதியாண்டு முடிவதற்குள் இருந்தால் எங்களுக்கும் வசதி," என்றார் செயலாளர். சொல்லிவிட்டு வீட்டை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். சிங்காரத்தைப் பார்த்தார். பாஞ்சாலையைப் பார்த்தார். பார்வை அவள் வயிற்றில் சற்று நின்று, மறுபடி சிங்காரத்திடம் வந்தது. சந்தையில் மாடு பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

துணியும் பலாமரக் கவட்டைக்குப் போனது. மரத்தடியில் படுக்கிற நாய் அன்றிலிருந்து வேலியோரம் போய்ப் படுத்தது. பாஞ்சாலை கூழைக் கையில் வாங்கி அப்படியே வைத்தாள். பலாமரத்துக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தாள். முதுகு காட்டினாலும் அது அங்கே இருப்பது தெரிந்தது.

"வயித்துல அசைவே இல்லீங்க," என்றாள் ஒரு மத்தியானம்.

சிங்காரம் வாயில் வந்ததைச் சொன்னான். கார்பன் எப்படி அமுங்குகிறது, கருப்பனின் கோடி எப்படித் தங்கள் சீட்டில் இறங்கியது, அவனைச் சாக்கில் சுற்றிப் புதைத்தது, பூட்டு ஆடுவது எல்லாவற்றையும் சொன்னான். அவளைப் பயமுறுத்த வேண்டாமென்று இத்தனை நாள் மறைத்ததும் அதில் சேர்ந்து வந்துவிட்டது.

பாஞ்சாலை அவனை வெறித்துப் பார்த்தாள்.

"இத்த ஏன்யா மொதல்லியே சொல்லல? அப்ப அது ஆளத் தேடலியே! ஆளு கீறான். துணிதான் வூடு மாறி வந்துட்ச்சி. எட்து வா அத்த."

பிள்ளைத்தாய்ச்சி புதைகாட்டுக்குப் போகக்கூடாது. அதனால் அவள் கிடங்குக்குப் பின்னால் மேட்டிலேயே நின்றுகொண்டாள். சிங்காரம் துணியோடு சரிவில் இறங்கினான். கருப்பனின் மண்மேடு இன்னும் புதிதாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் சாக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சங்க முத்திரையில் பாதி தெரிந்தது.

அந்த மலையில் கோடி போடும்போது அது யார் போடும் கோடி என்று உரக்கச் சொல்ல வேண்டும். மாமன் கோடி, மச்சான் கோடி, சம்பந்தி கோடி என்று. சொல்லாமல் போட்டால் செத்தவன் ஏற்க மாட்டான். சிங்காரம் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, மேலே நின்ற பாஞ்சாலையைப் பார்த்தான்.

"யாரு கோடின்னு சொல்றது?"

மேட்டிலிருந்து பாஞ்சாலை கத்தினாள்: "தங்கச்சி கோடின்னு சொல்லு!"

"தங்கச்சி கோடி!" என்றான் சிங்காரம். குரல் கிடங்குச் சுவரில் மோதித் திரும்பியது. துணியைப் போர்த்தி மூலைகளில் கல் வைத்தான். கிடங்கில் அதுவரை ஆடிக்கொண்டிருந்த பூட்டு, பிடித்த கையை யாரோ எடுத்துக்கொண்டது போல நின்றது. திரும்பி நடக்கையில் பாஞ்சாலை பாதி வழியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒதைக்குது," என்றாள்.

பயன்பாட்டுச் சான்றுக்காகச் சிங்காரம் நேர்மையாகவே பெயரைச் சொன்னான். செயலாளர் திடுக்கிட்டார்.

"கருப்பனா? அவன் ஊழியன். உறுப்பினர் அல்ல. உறுப்பினருக்கான மானியத் துணியை உறுப்பினர் அல்லாதவர் பயன்படுத்த முடியாது. இறந்தது ஒரு காரணமாகாது."

துணியை மீட்கச் சொன்னபோது அமலநாதன் தனக்கு வயிறு சரியில்லை என்றார். மற்றவர்களுக்கும் சரியில்லாமல் போனது. கடைசியில் செயலாளரே சரிவில் இறங்கி, குடையின் கைப்பிடியால் துணியைக் கொக்கிபோட்டுத் தூக்கிவந்தார். உதறி, மடித்து, அலமாரியில் வைத்தார்.

இருப்பு மறுபடி ஒன்று அதிகமானது. பூட்டுகளும் மறுபடி ஆடின. இந்த முறை கிடங்கோடு நிற்கவில்லை. செயலாளர் அறையில் அவருடைய சொந்த அலமாரியின் பூட்டும், அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, பட்டப்பகலில் ஆடியது. ஒரு மத்தியானம் கேடயம் தானாக முகங்குப்புற விழுந்தது. பணியாளர்கள் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

செயலாளர் தனியாக, நடந்து, சிங்காரத்தின் வீட்டுக்கு வந்தார். முகம் வற்றிப் போயிருந்தது. அக்குளில் காகிதத்தில் சுற்றிய துணி, சட்டைப்பையில் பேனா.

"சிங்காரம், அந்த ரசீதைக் கொண்டுவா. நீ கேட்டாயே, ஒரு கோடு. போட்டுத் தருகிறேன். அந்த வரி போனால் துணி விற்காதது ஆகிவிடும். இருப்பு சரியாகிவிடும்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக்குரல் வீறிட்டது. பெண் குழந்தை. பரணில் கிடந்த கயிறு இப்போது விட்டத்தில் ஏணையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிங்காரம் பலாமரக் கவட்டையிலிருந்து ரசீதை எடுத்துவந்தான். மழையில் நனைந்து மஞ்சள் வெளுத்திருந்தாலும் நான்கு குறிகளும் இருந்தன. அவன் அதை நீட்டப்போகையில் உள்ளிருந்து பாஞ்சாலை கேட்டாள்:

"இன்னாங்க, அந்தச் சீட்ட ஒருவாட்டி படிங்க."

அவன் படித்தான். உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சவுக்காரம், வெல்லம், கோடித்துணி.

"எல்லாம் சரியாத்தான கீது? நாம வாங்கனோம். எங்கண்ணனுக்குப் போட்டோம். அதுல அடிக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள். "அந்த முப்பது காசு வேணும்னா குடுத்துட்டுப் போவச் சொல்லுங்க."

செயலாளர் எடுத்த பேனாவை மறுபடி சட்டைப்பையில் செருகினார். எல்லாம் சரி, அடிக்க ஒன்றுமில்லை என்பவை அவர் பழக்கிய வார்த்தைகள்தான்.

"போட்ட கோடிய எட்து வந்தது யாருங்க ஐயா?" என்றான் சிங்காரம், தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு. எடுத்துவந்த கோடிக்கு என்ன விதி என்று உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. "எங்க பக்கம் அப்பிடி எட்து வந்தவங்க யாரும் இல்ல. அது இப்ப யாரு கணக்குல சேரும்?"

செயலாளர் துணியை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

இருப்பில் அதிகமாக இருக்கும் பொருள் இறங்க வேண்டுமானால் அது விற்றாக வேண்டும். விற்க வேண்டுமானால் வாங்குபவர் பெயர் வேண்டும். மலையில் அந்தத் துணிக்குப் பெயர் கொடுக்க யாரும் தயாராக இல்லை. இப்போதெல்லாம் ஜன்னலில் ரசீது வாங்குகிறவர்கள் கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்த பிறகுதான் நகர்ந்தார்கள். வரிசை பாறைவரை நின்றது. உறுப்பினர் விழிப்புணர்வுக்காகச் சங்கத்துக்கு இன்னொரு கேடயம் அறிவித்தார்கள்.

அந்த நிதியாண்டின் கடைசி ரசீதில் ஒரே ஒரு வரி இருந்தது. மூன்று தாளிலும் அழுத்தமாக விழுந்திருந்தது. வாங்குபவர் பெயருக்கு நேரே கோபால்சாமி என்று எழுதியிருந்தது. சிவப்பு, நீலம், பச்சை, ஊதா, நான்கும் சரியாக இருந்தன. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மஞ்சள் தாளை அமலநாதன் ஜன்னல் வழியாக நீட்டினார். செயலாளர் வெளியே நின்று வாங்கிக்கொண்டு, துணியோடு தன் குடியிருப்புக்குப் போனார்.

அன்று முதல் கிடங்கில் எந்தப் பூட்டும் ஆடவில்லை. செயலாளர் குடியிருப்பின் கதவுப் பூட்டைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடையை விட்டு வெளியேறிய பின் புகார் ஏற்கப்படாது.